பத்தாம் தேதி

சேட்டன் கடைப் பற்று நோட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கங்கள் இருந்தன. இடப்பக்கம் அரிசி, பருப்பு, எண்ணெய், கருவாடு. வலப்பக்கத்தின் தலையில் சேட்டன் மலையாளத்தில் ஏதோ எழுதி, கீழே கோடு இழுத்திருப்பார். அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், எழுத்து தெரியாது. "இது என்ன எழுதியிருக்கிறீர்கள் சேட்டா?" என்று கேட்டபோது, "மோளுடெ படிப்பு" என்று வாசித்துக் காட்டினாராம். மகளுடைய படிப்பு என்று அர்த்தம்.

அந்தப் பக்கத்தில் சாமான் எதுவும் கிடையாது. எல்லாம் ரொக்கம். ரயில் டிக்கெட்டுக்கு 700. ஜெராக்ஸுக்கு 350. மெஸ் பாக்கி 2,000. நான் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொல்லும் தொகை அரை மணி நேரத்தில் அந்த நோட்டில் ஏறி, மறுநாள் என் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். அம்மா தன் பங்குக்கு நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் தமிழில் கணக்கு வைத்திருப்பாள். மாதம் பத்தாம் தேதி சம்பளம் வாங்கியதும் தாள்களை ரப்பர் பேண்டு போட்டுக் கடைக்கு எடுத்துப் போவாள். அவர் மலையாளத்தில் வாசிக்க, இவள் தமிழில் சரிபார்க்க, ஒரு முறை மட்டும் 50 ரூபாய் இடித்தது. தவறு அம்மாவுடையது. அதை இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவள் நான். 2014 ஜூலையில், இரண்டு மாநிலம் தள்ளி இருந்த ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தேன். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில், ஆய்வு உதவித்தொகை பெற்றுத் தரும் இளநிலை ஆய்வாளர் தகுதி எனக்கு வாய்க்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கென்று மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஒரு தொகை உண்டு. நெட் அல்லாதோர் உதவித்தொகை என்று அதற்குப் பெயர். மாதம் 8,000 ரூபாய், நான்கு ஆண்டுகளுக்கு.

செய்தியைச் சொன்னபோது அம்மா சற்று நேரம் பேசவில்லை. அப்போது அவளுக்கு நாள் கூலி 232 ரூபாய். நாளுக்கு 21 கிலோ கொழுந்து எடுத்தாக வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் கிலோக் காசு தனி. ஒரு மாதத்தில் 26 நாள் விடாமல் போனாலும் 6,032 ரூபாய்தான். "உட்கார்ந்து படிப்பதற்கு எட்டாயிரமா!" என்றாள். பக்கத்து வீட்டு அத்தையிடம் அதை அவள் சொன்ன விதத்தில், மகளுக்குக் கலெக்டர் வேலை கிடைத்துவிட்டதென்றே லயம் முழுக்க நினைத்துக்கொண்டது. அந்த வருடம் தீபாவளிக்கு மூன்று வீடுகளிலிருந்து என்னிடம் கைமாற்று கேட்டார்கள். என் கையில் அப்போது பத்துப் பைசா இல்லை. ஜூலையில் சேர்ந்தவளுக்கு முதல் தொகை பிப்ரவரியில்தான் வந்தது. டிசம்பர் வரையான ஆறு மாதத்துக்குச் சேர்த்து 48,000.

"ஏன் பாப்பா, உனக்குச் சம்பளத் தேதி எது?" என்று அம்மா அடிக்கடி கேட்பாள். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

அவளுக்குத் தேதி உண்டு. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடத்தில் ஏழாம் நாளுக்குள், அதற்கு மேல் என்றால் பத்தாம் நாளுக்குள் கூலி கொடுத்தாக வேண்டும் என்று அப்போது இருந்தது. அந்தச் சட்டத்தின் பெயர்கூட அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் பதினோராம் தேதி காலை சம்பளம் வராவிட்டால் வேலைக்குப் பெயர் பதிகிற மஸ்டர் முன்னால் போய் நிற்கலாம், கூடையை இறக்கி வைக்கலாம் என்பது தெரியும். என் பணத்துக்குப் பெயர் உதவித்தொகை. உதவி செய்கிறவரிடம் போய் "எந்தத் தேதியில் உதவுவீர்கள்?" என்று யார் கேட்பது? கேட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவோம். அந்தச் சொல்லுக்குள் இருக்கிற வசதி, கொடுப்பவருக்கானது.

பணம் வரும் வழியையும் சொல்ல வேண்டும். மாதம் முடிந்ததும் வருகைச் சான்றை நிரப்ப வேண்டும். நெறியாளர் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, கல்விப் பிரிவின் முத்திரை. அதற்குப் பிறகு நிதிப் பிரிவு. நெறியாளர் கருத்தரங்குக்குப் போயிருந்தால் ஒரு வாரம் போயிற்று. துறைத்தலைவர் மாறினால் ஒரு மாதம் போயிற்று. எல்லாம் கூடி வந்தாலும் கடைசி மேசையில் ஒருவர் தலையைத் தூக்காமல் "ஃபண்ட் இன்னும் வரவில்லை" என்பார். ஃபண்ட் எங்கிருந்து வரும், யார் அனுப்ப வேண்டும், இப்போது எந்த ஊரில் வந்துகொண்டிருக்கிறது என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. ஆடி மாதத்து மழை மாதிரி, வரும்போது வரும். இளநிலை ஆய்வாளர்களுக்கு இந்த வழி கொஞ்சம் நவீனம். மாதா மாதம் பல்கலைக்கழகத்தில் ஒருவர் இணையத்தில் பதிவேற்ற வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். மேக்கர், செக்கர் என்று அவர்களுக்குப் பெயர். செக்கர் மகப்பேறு விடுப்பில் போன மாதங்களில் என் தோழிகளின் 25,000 ரூபாயும் எங்கள் 8,000 போலவே காற்றில் தொங்கியது.

நான்கு ஆண்டில் 48 முறை வந்திருக்க வேண்டிய தொகை எனக்கு 13 முறை வந்தது. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மொத்தம் 3,84,000. தணிக்கைக் கண்ணால் பார்த்தால் அரசு தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டது.

விடுதி மெஸ் மட்டும் தேதி தவறவே தவறாது. ஐந்தாம் தேதிக்குள் கட்டாதவர்களின் பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறும். அதன் பிறகு நாளொன்றுக்கு 10 ரூபாய் அபராதம். பணத்தை நிறுத்தி வைத்திருக்கிற அதே நிறுவனம், பணம் கட்டவில்லை என்று அபராதம் போடுகிறது. ஒரு முறை இதைச் சொல்லி விடுதி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். அவர்கள் சொன்ன பதில் நியாயமானதுதான்: "மெஸ் வேறு, நிதிப் பிரிவு வேறு." என் வயிறு எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன்.

என் அறைத்தோழியின் அப்பா வங்கி மேலாளர். எனக்கு வராத மாதங்களில் அவளுக்கும் வராது. அவள் அதைக் கவனிக்கக்கூட மாட்டாள். ஏப்ரலில் ஐந்து மாதத் தொகை சேர்ந்து 40,000 வந்தபோது அவள் மடிக்கணினி வாங்கினாள். நல்ல பெண், எனக்கும் பயன்படுத்தத் தருவாள். எனக்கு வந்த 40,000 வந்த வழியே மலையேறியது. சேட்டன் கடைக்கு 17,000. குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில், அதாவது பெண்கள் சுயஉதவிக் குழுவில், அம்மா எடுத்திருந்த 10,000 கடனும் அதன் வட்டியும். மெஸ் பாக்கி. மீதியில் ஒரு ஸ்வெட்டர். அயல்கூட்டத்துப் பெண்கள் அம்மாவிடம் நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டி வாங்கினார்கள்; அது அவர்கள் கூட்டத்துப் பணம், வாங்கத்தான் வேண்டும். ஐந்து மாதம் தாமதித்த அரசு எங்களுக்கு வட்டி ஒன்றும் தரவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணும் ஒரு மளிகைக் கடைக்காரரும் இந்திய அரசுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பற்று நோட்டு கரையான் அரிக்காமல் இருந்தால் அத்தாட்சி காட்டலாம்.

தொகை போதுமா என்று கேட்பவர்கள், அது யாருக்குப் போதுமானது என்று கேட்பதில்லை. பின்னால் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் பணம் இருக்கிறது, ஆறு மாதம் தாங்கும் என்ற நினைப்பின் மேல்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. எந்த விதியிலும் அது எழுதப்படவில்லை. எழுதப்படாததால் அதை எதிர்த்து மனுப்போடவும் முடியாது.

இனி சான்றிதழ் கதை.

நாங்கள் பட்டியல் சாதி. லயத்தில் எல்லாருக்கும் தெரியும். கோயில் திருவிழாவில் யார் எங்கே நிற்பது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அரசுக்கு மட்டும்தான் சந்தேகம். அந்த நாளில் பட்டியல் சாதி ஆய்வாளர்களுக்கு ராஜீவ் காந்தி தேசிய உதவித்தொகை என்று ஒன்று இருந்தது. ஆண்டுக்கு 2,000 பேருக்கு, நெட் தேறாவிட்டாலும், இளநிலை ஆய்வாளருக்கு இணையான தொகை. 2014 டிசம்பரிலிருந்து அது 25,000. விண்ணப்பிக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும்.

என் கொள்ளுத்தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டி வர, போடி, கொட்டகுடி வழியாக மலையேறி வந்தவர். அவர் வந்தபோது இது திருவிதாங்கூர். 1956-இல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதியிட்டது. அந்தத் தேதிக்கு முன்பே குடும்பம் இங்கே இருந்தது என்று நிரூபித்தால்தான் கேரளத்தில் சான்றிதழ். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்துக்குப் பெயர்ந்தால் புது மாநிலத்தில் அந்தச் சலுகை தொடராது என்று 1990-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

நிரூபிக்க என்ன வேண்டும்? பட்டா, வீட்டு வரி ரசீது, பள்ளிச் சேர்க்கைப் பதிவு. லயத்து வீடு கம்பெனியுடையது. மூன்று தலைமுறை அதில் பிறந்து, இறந்து, ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறோம். ஒரு சதுர அடி எங்கள் பேரில் கிடையாது. கொள்ளுத்தாத்தா பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. அப்பா இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டுத் தோட்டத்து அலுவலகத்தில் பழைய பேரேடு தேடினார். 1950-க்கு முந்தையது ஈரத்தில் ஒட்டிப்போய்க் கட்டியாக இருந்ததாம், பிரித்தால் தூளாகிறது. தாலுகா அலுவலகத்தில் ஒரு எழுத்தர் பரிவோடுதான் சொன்னார்: "நிங்ஙள் தமிழ்நாட்டுகாரல்லே? அவிடெ சோதிச்சு நோக்கு." நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்தானே, அங்கே கேட்டுப் பாருங்கள் என்று அர்த்தம். அங்கேயும் கேட்டோம். அப்பாவுக்குத் தமிழ்நாட்டில் வழங்கிய சான்றிதழ் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். அப்பா பிறந்ததே மூணாறில். "நீங்கள் கேரளாதானே?" என்றார்கள்.

மாநில எல்லையில் போடிமெட்டுச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் தமிழர். அந்தப் பக்கம் மலையாளத்தார். லயத்தில் இது பழைய நகைச்சுவை. எனக்கு அதன் விலை ரூபாயில் தெரியும். 25,000-க்கும் 8,000-க்கும் இடையே மாதம் 17,000. 2014 டிசம்பர் முதல் 2018 ஜூன் வரை 43 மாதம். 7,31,000 ரூபாய். வீட்டு வாடகைப் படியையும் இரண்டு ஆண்டுக்குப் பிறகு வரும் உயர்வையும் இதில் சேர்க்கவில்லை. விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதுதான். விண்ணப்பிக்கவே முடியவில்லை என்பதை உறுதியாகச் சொல்வேன்.

2015-ஐப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. அந்த செப்டம்பரில் மூணாறில் தோட்டப் பெண்கள் போனஸ் குறைப்பை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள், தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடாமல் ஒன்பது நாள் ஊரை நிறுத்தினார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர் பிறந்தது அப்போதுதான். 20 விழுக்காடு போனஸ் வாங்கினார்கள். அதன் பிறகு கூலிக்கான போராட்டம் அக்டோபர் நடுப்பகுதி வரை நீண்டு, 500 கேட்ட இடத்தில் 301 கிடைத்தது. அம்மா எல்லா நாளும் போனாள். எனக்கு அதைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரியும். வீட்டில் கேட்டால் "சும்மா டவுனுக்குப் போனேன்" என்றாள்.

அதே அக்டோபரில் டெல்லியில் பல்கலைக்கழக மானியக் குழு, நெட் அல்லாதோர் உதவித்தொகையை நிறுத்த முடிவெடுத்தது. மாணவர்கள் அந்த அலுவலகத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் வளாகத்திலும் ஒரு நாள் தர்ணா நடந்தது. அன்று இரவு அம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?" அடுத்து, "முன்வரிசையில் தலைவர்களை உட்கார விடாதீர்கள்." நாங்கள் விட்டோம். மூன்று கட்சித் தலைவர்கள் வந்து பேசி, மைக்கைத் திருப்பிக் கொடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

தொகை நிற்கவில்லை, நிறுத்துவது கைவிடப்பட்டது. ஆனால் அன்றைக்குப் பிடித்து வைத்த இடத்திலேயே இன்றும் நிற்கிறது. 301 ரூபாய்க்கு 26 நாள் என்றால் 7,826. அந்த மாதம் அம்மாவும் நானும் கிட்டத்தட்ட ஒரே சம்பளக்காரிகள். இன்று தோட்டத்தில் கூலி 400-ஐத் தாண்டியிருக்கிறது. மாதம் 10,000-க்கு மேல் வரும். அது போதாது என்பது வேறு விஷயம். மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் இல்லாமல் ஆய்வு செய்கிறவருக்கு இன்றும் 8,000. இளநிலை ஆய்வாளருக்கு 2019-இல் 31,000 ஆகி, 2023 ஜனவரியிலிருந்து 37,000. உயர்ந்தது சரிதான்; அதற்கும் ஆய்வாளர்கள் தெருவில் நின்றார்கள். ஒரே நூலகம், ஒரே நெறியாளர், ஒரே ஆய்வேடு. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு மூன்று மணி நேரத் தேர்வு. அதுவும் 2024 ஜூனில் நடந்த மறுநாளே ரத்து செய்யப்பட்ட வகைத் தேர்வு. அதற்காக 29,000 ரூபாய் வித்தியாசமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு அந்த 8,000-மும் இல்லை.

முதுகலைப் பக்கம் வந்தால் இன்னும் மெலிவு. பொறியியல் முதுகலைக்கான கேட் தேர்வில் தேறி எம்.டெக். சேர்ந்தவருக்கு மாதம் 12,400 உண்டு. அதுவும் பல ஆண்டுகளாக அசையாத தொகை. எம்.ஏ., எம்.எஸ்சி. மாணவருக்கு அப்படிப் பொதுவாக ஒன்றும் கிடையாது. 2023-இல் முதுகலைக்கான தேசிய உதவித்தொகை என்று மாற்றி அமைத்தார்கள். மாதம் 15,000, ஆண்டுக்குப் பத்து மாதம். நல்ல தொகை. நாடு முழுவதற்கும் 10,000 பேருக்கு. கோடையின் இரண்டு மாதம் மாணவர்களுக்குப் பசிக்காது போலிருக்கிறது. சிறுபான்மை ஆய்வாளர்களுக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் புதியவர்களுக்குக் கிடையாது. எங்கள் சித்தி மகள் போடியில் அரசுப் பள்ளியில் படித்தவள். தமிழ்நாட்டின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வாங்கிக்கொண்டு பி.ஏ. முடித்தாள். முதுகலைக்கு அது வராது. மூணாறில் தமிழ் வழியில் படித்த பெண்ணுக்கு இளங்கலைக்கும் வராது. பள்ளி தமிழ்நாட்டில் இல்லையே.

சேட்டன் கடைப் பக்கத்தை 2018 ஆகஸ்டுக்கு முன்னால் தீர்த்துவிட்டோம் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. அந்த மாத வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. கடைசித் தவணையோடு நானே போனேன். அவர் எண்ணிப் பார்த்து, "மோளுடெ படிப்பு" பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். பிறகு எனக்கு ஒரு கட்டன் சாயா கொடுத்து, "இனி எப்போ ஜோலி?" என்று வேலையைப் பற்றிக் கேட்டார். இந்தக் கேள்விக்கும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். கௌரவம் மாதா மாதம் கிடைக்கிறது.

போன வாரம் என் மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெண்; அம்மாவுக்குக் கொழுந்து வேலை. எம்.ஏ.வில் நல்ல மதிப்பெண். வெளிமாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நெட் இல்லை, 8,000 கிடைக்கும் என்றார்களாம். "சேரலாமா டீச்சர்?" என்றாள். நெறியாளர் யார், தலைப்பு என்ன என்றெல்லாம் நான் கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"வீட்டுக்குக் கடையில் பற்று உண்டா?"

அவள் சிரித்துவிட்டாள். "இப்போது எந்தக் கடையில் டீச்சர் பற்று? எல்லா இடத்திலும் கூகுள் பே அட்டைதான் தொங்குகிறது. நோட்டையே காணோம்."